இருட்டு அளவு

பூட்டில் சாவியை நுழைக்கும்போதே சத்தம் கேட்டது.

மெல்லிய விசில் சத்தம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மூடிய கதவுக்கு அப்பால் யாரோ மூச்சு வாங்காமல் ஊதிக்கொண்டிருப்பது போல இருந்தது.

இசக்கிமுத்து சாவியைத் திருப்பாமல் நின்றார்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். ஐந்து வருடம் அதற்காகக் காத்திருந்தவர் அவர். மூன்று வாரமாக அது அவர் காதிலேயே குடியிருந்தது. ஆனால் இன்றைக்கு அது கேட்கக் கூடாது.

கதவைத் திறந்து, கறுப்புத் திரையை விலக்கி, விளக்கைப் போட்டார்.

லேசர் அணைந்து கிடந்தது. அதன் மேல் நேற்றுப் போட்ட சாமந்தி மாலை. முகப்பில் சந்தனமும் குங்குமமும். அதை இயக்குகிற சின்னச் சாவி, சுவரோரம் சரஸ்வதி படத்துக்கு முன்னால், வாழையிலையில், பொரிக்கும் கடலைக்கும் நடுவில் இருந்தது.

வெளிச்சமே இல்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இசக்கிமுத்துவுக்கு நாற்பத்தேழு வயது. சங்கரன்கோவிலில் இருபது வருடம் ரேடியோவும் டிவியும் பழுது பார்த்தவர். கடையில் உட்கார்ந்தபடியே அஞ்சல் வழியில் பட்டங்கள் வாங்கினார். நாற்பத்திரண்டு வயதில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருடைய ஆசிரியை செண்பகவல்லி, கோவில்பட்டிக்காரர். மாணவரைவிட ஒன்பது வயது இளையவர். மாணவர் ஆசிரியையை மேடம் என்பார். ஆசிரியை மாணவரை சார் என்பார்.

"இதுல யாரு வாத்தியார், யாரு பிள்ளைன்னு வெளியாளுக்கு ஒரு போர்டு எழுதித்தான் மாட்டணும்" என்பார் ஆய்வக உதவியாளர் ஆரோக்கியம்.

சேர்ந்த அன்று ஆசிரியை ஒரு சில்லைக் காட்டினார். விரல் நகத்தைவிடச் சின்னது. அடியில் குறைக்கடத்தி. மேலே தங்கப் பூச்சு. தங்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள், இந்தக் கரையில் கொஞ்சம், அந்தக் கரையில் கொஞ்சம்.

"ஒளி தங்கத்துல பட்டா திரும்பிப் போயிரும். இந்தக் கோட்டுல சரியான கோணத்துல பட்டா போகாது. தங்கத்தோட தோலோட ஒட்டிக்கிட்டு அலையா ஓடும். அந்தப் பக்கத்துக் கோட்டுக்கு வந்ததும் மறுபடி ஒளியா வெளியே வரும். பிளாஸ்மான் அலைன்னு பேரு."

"எவ்வளவு தூரம் ஓடும்?"

"ஒரு தலைமுடி அகலம். அதுக்குள்ள செத்துரும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். அந்த தூரத்துக்குள்ள அதை நாம கூட்டணும், குறைக்கணும். குறைக்கடத்திக்கு வோல்ட் கொடுத்தா அதுக்குள்ள எலக்ட்ரான் கூட்டம் சேரும், விலகும். மேல ஓடுற அலைக்கு அது உறைக்கணும்."

இசக்கிமுத்து யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அலை நம்ம சொல்லுக்குத்தான் கட்டுப்படுதுன்னு எப்படி மேடம் தெரியும்?"

மேசையில் ஒரு தட்டு நிறையக் கண்ணாடித் துண்டுகள் கழுவக் கிடந்தன. ஆசிரியை தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் இசக்கிமுத்துவின் முதல் வேலை கண்ணாடி கழுவுவது. யாரும் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை.

எழுபத்தெட்டு சில்லுகள் செய்தார். சிலதில் தங்கம் உரிந்தது. சிலது வோல்ட் தாங்காமல் கருகின. மற்றவை நன்றாக இருந்தன, ஒன்றும் சொல்லவில்லை.

சில்லுக்குப் போகிற வோல்ட்டை நொடிக்கு ஆயிரம் தடவை ஏற்றி இறக்குவார். அலை கட்டுப்பட்டால், வெளியே வருகிற ஒளியும் நொடிக்கு ஆயிரம் தடவை ஏறி இறங்க வேண்டும். அந்த ஆயிரத்தை மட்டும் பொறுக்கி எடுக்கிற மீட்டர் ஒன்று இருந்தது. மற்ற எல்லாச் சத்தத்துக்கும் அது செவிடு. கண்ணைவிடக் காதை நம்பிப் பழகிய இசக்கிமுத்து, தன் கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரை அதனோடு இணைத்து வைத்திருந்தார். என்றைக்காவது அலை பேசினால் காதில் விழட்டும் என்று.

எழுபத்தொன்பதாவது சில்லு பேசியது.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மீட்டரில் 4.2 மில்லிவோல்ட். ஸ்பீக்கரில் விசில். இசக்கிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆரோக்கியம் ஓடிவந்து அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. கேளுங்க. தங்கம் பேசுது."

"கொசு கத்துற மாதிரில்லா இருக்கு."

திங்கட்கிழமை ஆராய்ச்சிக் குழு கூடுகிறது. அவருக்கு ஏற்கனவே இரண்டு முறை காலம் நீட்டித்தாயிற்று. மூன்றாவது முறைக்குக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இப்போது காட்ட ஒரு வரைபடம் இருந்தது. ஆசிரியை அதைப் பார்த்து முதுகைத் தட்டவில்லை. ஆனால் அன்று ஆய்வகத்துக்கே டீ வாங்கி வரச் சொன்னார்.

நேற்று ஆயுத பூஜை. அன்று எந்தக் கருவியும் ஓடக் கூடாது என்பது ஆரோக்கியத்தின் சட்டம்.

"அண்ணே, இதையெல்லாம் ஒருதடவை அணைச்சா மறுபடி நிதானத்துக்கு வர ரெண்டு நாள் ஆகும்."

"ஆகட்டும். வருஷம் பூரா உழைக்கிற ஜென்மம். ஒரு நாள் படுத்திருக்கட்டும்."

"நீங்க அந்தோணியார் கோயிலுக்குப் போற ஆளு. உங்களுக்கு என்ன இதுல இம்புட்டு வீம்பு?"

"கருவிக்கு ஏது சார் கோயிலு?"

சொல்லிக்கொண்டே லேசரின் சாவியைத் திருப்பி உருவி, இலையில் வைத்துவிட்டார். இசக்கிமுத்து பல்லைக் கடித்தார். லேசர் போனது போகட்டும் என்று மற்றதையாவது காப்பாற்றப் பார்த்தார். மேசைக்கு அடியில் இருந்த மீட்டரையும் வோல்ட் பெட்டியையும் அணைக்காமல், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். ஸ்பீக்கரை இழுப்பறைக்குள் தள்ளினார். மணிச் சத்தத்திலும் பொரி வாங்கும் ஆரவாரத்திலும் யாரும் எதையும் கேட்கவில்லை. அவரே கேட்கவில்லை.

இப்போது கேட்டது.

இசக்கிமுத்து குனிந்து துண்டை விலக்கினார்.

4.1.

லேசர் நேற்றுக் காலையிலிருந்து உறங்குகிறது. தங்கத்தின் மேல் எந்த அலையும் ஓடவில்லை. ஓடாத அலை 4.1 மில்லிவோல்ட் பேசிக்கொண்டிருக்கிறது.

கை தானாகப் போய் வோல்ட் பெட்டியை அணைத்தது. விசில் நின்றது. மீட்டர் 0.0 என்றது.

துண்டை மறுபடி மூடினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். கழுவ வேண்டிய கண்ணாடிகள் எதிரில் இருந்தன. தொடவில்லை.

ஆரோக்கியம் விளக்குமாற்றோடு வந்தார்.

"என்ன சார், சாமி முன்னால பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்லண்ணே."

"சாவிதானே? மேடம் வரட்டும். கற்பூரம் காட்டிட்டு நானே எடுத்துத் தாரேன். அதுவரைக்கும் கை வைக்கப்படாது."

"கை வைக்கல."

"நேத்து உங்க மூஞ்சியப் பாத்தேன். சாவிய உருவுனப்போ என்னமோ உங்க உசுரையே உருவின மாதிரி."

இசக்கிமுத்து அவரைப் பார்த்தார். கண் துண்டின் பக்கம் போயிற்று.

ஒன்பது மணிக்கு ஆசிரியை வந்தார். கையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய புது நோட்டு.

விஜயதசமி அன்று ஊரில் பிள்ளைகளுக்கு அரிசியில் முதல் எழுத்து எழுதப் பழக்குவார்கள். இந்த ஆய்வகத்திலும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. செண்பகவல்லி வந்த பிறகு ஏற்பட்டது. லேசரை ஏற்றுவதற்கு முன்னால், இருட்டில், மீட்டர் என்ன காட்டுகிறது என்று புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். அதற்கு இருட்டு அளவு என்று பெயர். இசக்கிமுத்து நான்கு வருடமாக எழுதியிருக்கிறார். நான்கு வருடமும் 0.0. போன வருடம் மீட்டரைப் பார்க்காமலேயே எழுதிவிட்டு, பொரி சாப்பிடப் போனார். அதற்குப் பிறகு அவர் இருட்டு அளவு எடுக்கவே இல்லை. பூஜ்யத்தை எதற்குத் திரும்பத் திரும்ப அளப்பது?

ஆசிரியை நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார். பேனாவைக் கொடுத்தார்.

"என்ன சார் வருது?"

துண்டின் விளிம்பு வழியாக எண்கள் தெரிந்தன. 0.0.

பூஜ்யம் என்று சொன்னால் பொய்யில்லை. மீட்டர் பூஜ்யம்தான் காட்டியது. லேசர் அணைந்துதான் இருந்தது. கோளாறு எங்கே என்று நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை தாண்டட்டும். வரைபடம் அச்சாகிவிட்டது.

பேனா தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்."

குனிந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வோல்ட் பெட்டியின் பொத்தானை அழுத்தினார்.

எண்கள் ஏறின. ஒன்று. இரண்டரை. நாலு. 4.1-இல் நின்றன.

அதை எழுதினார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஸ்பீக்கரை எடுத்து மேசையில் வைத்தார். விசில் அறையை நிறைத்தது.

ஆரோக்கியம் பெருக்குவதை நிறுத்திவிட்டு, லேசரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். இலையில் இருந்த சாவியைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் தொடல மேடம்" என்றார்.

ஆசிரியை நோட்டையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்துப் பூராவுமா?"

"பூராவும். துண்டைப் போட்டு மறைச்சு வச்சிருந்தேன்."

"சரஸ்வதிகிட்ட இருந்தா?"

"ஆரோக்கியம் அண்ணன்கிட்ட இருந்து."

ஆசிரியை சிரிக்கவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். சில்லுக்கு வோல்ட் கொண்டுபோகிற கம்பியும், சில்லிலிருந்து வருகிற ஒளியை மீட்டருக்குச் சொல்கிற கம்பியும் ஒன்றாகச் சேர்த்துச் சணலால் கட்டப்பட்டிருந்தன. ஒரு முழ நீளத்துக்கு, நாலு விரல் இடைவெளி விட்டு, அழகான கட்டுகள்.

"இது எப்போ கட்டினது?"

"குழுவுல இருந்து வந்து பாப்பாங்களேன்னு மேசையை ஒழுங்கு பண்ணினேன். மூணு வாரம் இருக்கும்."

"என்ன கிழமை?"

இசக்கிமுத்து சணல் கட்டுகளைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை. மத்தியானம்."

"விசில்?"

"சாயங்காலம்."

விசில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"கொடுக்கிற கம்பியில இருந்து வாங்குற கம்பிக்குத் தாவுது மேடம். அலையில்ல. நான் கொடுத்ததுதான் எனக்கே திரும்பி வந்திருக்கு." ஒரு கட்டை விரலால் தொட்டார். "ஒரு ஊரு ரேடியோவுக்கெல்லாம் இரைச்சல் எடுத்துக் கொடுத்தவன் நான். இருபது வருஷம். இப்படி ரெண்டு கம்பியைச் சேத்துக் கட்டின பையன்களைத் திட்டியிருக்கேன்."

"நானும் கேக்கல" என்றார் ஆசிரியை. "வரைபடத்தைப் பாத்தேன். இருட்டு அளவு எங்கேன்னு கேக்கல. டீ வாங்கச் சொன்னேன்."

கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார். ஆரோக்கியம் தொண்டையைச் செருமினார்.

"அது சாமிகிட்ட இருக்கு மேடம். இன்னும் கற்பூரம் காட்டல."

ஆசிரியை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நகத்தால் முதல் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். இசக்கிமுத்து குனியப் போனார்.

"நீங்க எண்ணைப் படிங்க சார்."

முதல் முடிச்சு அவிழ்ந்தது.

"மூணு புள்ளி நாலு."

இரண்டாவது முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார்.

"ரெண்டு புள்ளி ஆறு."

ஒவ்வொரு கட்டாக அவிழ அவிழ, விசில் தூரம் போய்க்கொண்டே இருந்தது. சங்கரன்கோவிலில் கடைசி பஸ் மேம்பாலம் ஏறிப் போவது போல. இசக்கிமுத்து எண்களை ஒன்றுவிடாமல் படித்தார். கடைசிக் கட்டும் அவிழ்ந்ததும் ஆசிரியை ஒரு கம்பியை மேசையின் இடப்புறமும் இன்னொன்றை வலப்புறமும் சுற்றிவிட்டார்.

"சைபர்" என்றார் இசக்கிமுத்து.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. மூன்று வாரமாக அந்தச் சத்தம் இருந்தது அவருக்கு நினைவில் இல்லை.

"எல்லாம் போச்சு மேடம்."

"லேசரை இன்னும் போடலையே சார்."

ஆரோக்கியம் கற்பூரம் ஏற்றினார். இலையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றி உரியவர்களிடம் கொடுத்தார். கத்தரிக்கோல், திருப்புளி, கண்ணாடி பிடிக்கும் இடுக்கி. அவற்றோடு பழுப்பேறிய ஒரு தபால் உறை. அது வருடா வருடம் பூஜையில் இருக்கும். அதன் மேல் வரிசையாகப் பதினொரு குங்குமப் பொட்டுகள், பழையவை கறுத்தும் நேற்று வைத்தது சிவந்தும். ஆசிரியையின் வேலை நியமன உத்தரவு என்று இசக்கிமுத்து நினைத்திருந்தார். ஆசிரியை அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியாக லேசர் சாவி.

"இந்தாங்க சார், உங்க உசுரு."

இசக்கிமுத்து இரண்டு கையாலும் வாங்கினார்.

"அண்ணே, நேத்து நீங்க இதைப் பிடுங்காம இருந்திருந்தா..."

"பிடுங்கினதுக்கு நேத்து என்னை ஏசாத குறை."

"ஏசத்தான் செஞ்சேன். மனசுக்குள்ள. மன்னிச்சுக்கிடுங்க. ரொம்ப நன்றிண்ணே."

ஆரோக்கியம் காதைச் சொறிந்தார்.

"நன்றியெல்லாம் அந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்று சரஸ்வதி படத்தைக் காட்டினார். "நான் அந்தோணியார் பார்ட்டி."

லேசர் ஓரளவு நிதானத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. விளக்கை அணைத்தார்கள். தங்கத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. ஆசிரியை கோணத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். புள்ளியின் வெளிச்சம் ஓர் இடத்தில் மங்கியது. ஒளி திரும்பிப் போகாமல் தங்கத்தின் தோலில் இறங்கிவிட்டது.

இசக்கிமுத்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். ஒன்றும் இல்லை.

"காதுல விழல மேடம்."

"மீட்டரை நுண்ணளவுக்கு மாத்திப் பாருங்க."

0.06.

"தூசி மாதிரி இருக்கு. இரைச்சலா இருக்கும்."

"கையை வைங்க."

இசக்கிமுத்து லேசருக்கும் சில்லுக்கும் நடுவே உள்ளங்கையை வைத்தார். சிவப்புப் புள்ளி கையில் ஏறியது. ரேகைகள் தெரிந்தன.

0.00.

கையை எடுத்தார். 0.06.

வைத்தார். 0.00.

எடுத்தார். கொஞ்சம் தாமதித்து, யோசித்து வருவது போல, 0.06.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஆரோக்கியம் திரையை விலக்கி எட்டிப் பார்த்தபோது, இருட்டில் ஒரு நாற்பத்தேழு வயது ஆள், குழந்தைக்கு முகத்தை மூடி மூடித் திறந்து காட்டுவது போல, கையை நீட்டியும் இழுத்தும் நின்றுகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆரோக்கியம் சத்தமில்லாமல் திரையை மூடினார்.

"இது சூட்டினாலேயும் வரலாம்ல மேடம்? வோல்ட்டு கொடுக்கிறப்போ சில்லு சூடாகுமே."

"வரலாம். அதையும் பாக்கணும்."

"எத்தனை நாளாகும்?"

"தெரியாது."

"திங்கட்கிழமை?"

"என்ன காட்டப் போறீங்க?"

இசக்கிமுத்து புது நோட்டைப் பார்த்தார். முதல் பக்கத்தில் ஒரே எண் இருந்தது. அதன் கீழே 0.06 என்று எழுதினார். இரண்டு எண்களுக்கும் நடுவே, ஒவ்வொரு முடிச்சு அவிழ்ந்தபோதும் தான் படித்த எண்களை வரிசையாக எழுதினார்.

"இந்தப் பக்கத்தை."

"அனுப்பிருவாங்க சார்."

"அனுப்பலாம்."

திங்கட்கிழமை குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். அச்சான வரைபடத்தை இசக்கிமுத்து மேசையில் வைக்கவில்லை. மஞ்சள் தடவிய நோட்டை வைத்தார். நடந்ததைச் சொன்னார். துண்டு போட்டு மறைத்ததையும் சொன்னார்.

ஓர் உறுப்பினர் கேட்டார்.

"அப்போ மூணு வாரமா நீங்க கேட்டது என்ன?"

"நான் போட்ட சத்தத்தைத்தான் சார்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரித்தவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இந்த 0.06?"

"கையை வச்சா போயிருது. எடுத்தா வருது. அதுவரைக்கும்தான் தெரியும்."

"வேற என்ன தெரியும்?"

"இருட்டுல அது இல்லைன்னு தெரியும் சார்."

வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் ஆசிரியை ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். தூரத்தில் பொத்தைக் குன்றின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அரை மணி கழித்துக் கூப்பிட்டார்கள்.

கேட்டது ஒரு வருடம். கொடுத்தது ஆறு மாதம்.

இசக்கிமுத்து ஆய்வகத்துக்குள் வந்து, திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

"ஆறு மாசம் நிறைய மேடம்."

"பத்தாது."

"பத்தாது. ஆனா நிறைய." செருப்பை நோக்கிக் குனிந்துகொண்டே சொன்னார். "அந்த விசிலோட நான் போயிருந்தேன்னா, பட்டமும் வாங்கிட்டு, ஊருக்கும் போயிருப்பேன். சாகுறவரைக்கும் அது காதுல கேட்டுக்கிட்டே இருந்திருக்கும். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

ஆசிரியை கைப்பையைத் திறந்தார். குங்குமப் பொட்டு வைத்த உறையை எடுத்து நீட்டினார்.

இசக்கிமுத்து கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். தூர தேசத்துத் தபால்தலை. உள்ளே நாலாக மடித்த ஒரே தாள். மடிப்புகள் நைந்திருந்தன. வணக்கம், ஒரு வரி, கையெழுத்து. அவ்வளவுதான்.

*உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒளியை மறைத்துப் பார்த்தீர்களா?*

இசக்கிமுத்து நிமிர்ந்தார்.

"நீங்களுமா?"

"நானும். உங்களுக்காவது மூணு வாரம். என்னுது அச்சாகி, நாலு பேர் பாராட்டி, வேலைக்கு மனுப் போட்டப்போ அதைத்தான் முதல்ல எழுதினேன்."

"மறைச்சுப் பாத்தீங்களா?"

"கடிதம் வந்த அன்னைக்கே. அப்புறம் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிட்டேன்னு எழுதிப் போட்டேன். ரெண்டு வருஷம் எங்கேயும் வேலை கிடைக்கல."

"இந்த மனுஷன் யாரு மேடம்?"

"தெரியாது. பாத்ததில்ல."

"திட்டி எழுதலையே."

"அதான் ரொம்ப வலிச்சது."

இசக்கிமுத்து தாளை இருந்த மடிப்பிலேயே மடித்தார். உறைக்குள் வைத்தார். பொட்டுகள் கலையாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இவருக்குப் பதில் போட்டீங்களா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை" என்றார் ஆசிரியை. "நோட்டோட முதல் பக்கத்துல, இருட்டு அளவா. இந்த வருஷம்தான் உங்க கையெழுத்துல உண்மையான பதில் போயிருக்கு."

இசக்கிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து கழுவாமல் கிடந்த கண்ணாடிகள் தட்டில் இருந்தன. முதல் கண்ணாடியை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, கழுவத் தொடங்கினார்.